அப்பிடி ஒருத்தரும் இங்க இல்லை

2008 டிசம்பர். லண்டனில் பிளேஸ்டோ பகுதியில், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். எனக்கு விருதுநகர்ப் பக்கம். லண்டன் கல்லூரி ஒன்றில் உலோகப் பொறியியல் முதுகலை முடித்திருந்தேன். அதே கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்புக்கும் இடம் கிடைத்துவிட்டது. ஜனவரியில் சேர வேண்டும். என் விசாவும் ஜனவரியோடு முடிகிறது.

நடுவில் ஒரு விதி வந்து நின்றது. அதற்கு முந்தைய வருடம்தான் அதைக் கொண்டுவந்திருந்தார்கள். வெளிநாட்டு மாணவர்கள் சில பாடங்களில் மேல்படிப்பு படிக்க வேண்டுமானால், அரசாங்கம் முதலில் அவர்களைப் பற்றி விசாரித்து அனுமதி தர வேண்டும். அந்த அனுமதி இருந்தால்தான் விசா நீட்டிப்புக்கே விண்ணப்பிக்க முடியும். இங்கே படித்துவிட்டுப் போய் பேரழிவு ஆயுதம் செய்துவிடுவோமாம். என் பாடம் கடும் சூட்டைத் தாங்கும் உலோகக் கலவை. அது விமான எஞ்சினுக்கும் போகும், ஏவுகணைக்கும் போகும். சரி, விசாரிக்கட்டும். ஆனால் விசாரிப்பது யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார், என்ன தேடுகிறார், எதுவும் நமக்குத் தெரியாது. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். எனக்கு அதுதான் எரிச்சல்.

வீட்டில் அக்கா, அவருடைய தம்பி, நான் என்று மூன்று பேர். தம்பியின் அகதி வழக்கு வருடக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தது. ஆள் நல்ல பகிடிக்காரர். நான் சமையலறைக்குள் நுழைந்தாலே ஆரம்பித்துவிடுவார்.

"அக்கா, விஞ்ஞானி வாறா. அடுப்பை நிப்பாட்டுங்கோ, குண்டு வெடிச்சிடும்."

"பேசாமல் இரடா. பிள்ளை, நீர் வந்து சாப்பிடும்."

ஒரு நாள் மத்தியானம் வீடு திரும்பினேன். கதவைத் திறந்ததுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. எந்நேரமும் பாடிக்கொண்டிருக்கும் தமிழ் ரேடியோ நின்றிருந்தது. பகலிலேயே திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். வாசலில் தம்பியின் காலணிகள் இல்லை. நடைச் சுவரில் மாலை போட்ட ஒரு படம் தொங்கும். அக்காவின் அண்ணன் படம். ஊரில் இறந்தவர் என்று மட்டும் தெரியும், நான் கேட்டதில்லை. அந்தப் படத்தையும் காணோம். அது இருந்த இடத்தில் சுவர்க்காகிதம் மட்டும் வெளிறாமல் நீள்சதுரமாகத் தெரிந்தது.

அக்கா சமையலறையில் நின்றிருந்தார். சோறு கொதித்து வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"சாப்பிடும் பிள்ளை" என்றார்.

தம்பி எங்கே என்று கேட்டேன். பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில், சிநேகிதன் வீட்டில் என்றார். வழக்கில் ஏதோ சிக்கல் என்று நினைத்து நான் துருவவில்லை. பிறகு ஒரு நாள் வீட்டுப் போன் அடித்தது. அக்கா அதன் முன்னால் நின்று, அது அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் சில்லென்றிருந்தன. போன் அடித்து ஓயும் வரை இருவரும் அப்படியே நின்றோம்.

எனக்கு அந்த வீட்டில் தூக்கம் போயிற்று.

அனுமதியோ வரவே இல்லை. சரி, நேரில் போய்க் கேட்போம் என்று கல்லூரிக்குப் போனேன். ஆய்வுக்கூடக் கதவில் என் அட்டையை வைத்தால் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே என்னோடு முதுகலை படித்தவர்கள் இருந்தார்கள். கண்ணாடி வழியாகத் தெரிந்தார்கள். தட்டினேன். உலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஒருவர் நிமிர்ந்து என் பக்கமாகப் பார்த்தார், திரும்பவும் குனிந்துகொண்டார். என் மேசை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. என் பெயர் ஒட்டியிருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும். வீட்டுச் சுவரில் பார்த்த அதே நீள்சதுரம்.

துறை அலுவலகத்தில் புதிதாக ஒரு பெண் இருந்தார். என் பெயரைச் சொல்லி, அனுமதி என்னவாயிற்று என்று கேட்டேன்.

அவர் கணினியைப் பார்த்துவிட்டு, மிக மரியாதையாகச் சொன்னார். அந்த மாணவி போய்விட்டார். இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைக்கிறோம்.

"அது நான்தான்" என்றேன்.

அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது.

பிறகுதான் விவரம் வந்தது. என் ஆராய்ச்சி பற்றி அனுமதி அலுவலகம் கூடுதல் விளக்கம் கேட்டிருக்கிறது. நான் கொடுத்தது கல்லூரி மெயில் முகவரி. முதுகலை முடிந்ததும் அதை மூடிவிட்டார்களாம். மூடியவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேள்வி அந்த மூடிய பெட்டிக்குள் போய்விட்டது. பதில் வராததால் கல்லூரி வீட்டுக்குப் போன் செய்திருக்கிறது. இலவச நிமிடங்களுக்காக நான் சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பேன், அதனால் வீட்டு நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். போனை எடுத்த பெண்மணி, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டாராம். அடுத்த முறை யாரும் எடுக்கவே இல்லையாம்.

இந்த வாரத்துக்குள் விளக்கம் போகாவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். அதோடு, நான் அந்த முகவரியில்தான் இருக்கிறேன் என்று யாராவது உறுதி சொல்ல வேண்டும். வாடகை கையில் கொடுப்பது, பில் எல்லாம் அக்கா பெயரில். என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, என்னைக் கேட்டு போன் வந்துச்சா?"

"ஓம்."

"என்ன சொன்னீங்க?"

"அப்பிடி ஒருத்தரும் இங்க இல்லை எண்டு சொன்னனான்."

மழை வந்ததும் கொடியில் கிடந்த என் துணியை எடுத்து வைத்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் கத்தினேன். என் படிப்பையே அழிச்சிட்டீங்க, யாரைக் கேட்டு அப்படிச் சொன்னீங்க, நான் என்ன திருடியா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளை, எங்கட அண்ணையைத் தேடி வந்தவங்கள், பேர் சொல்லித்தான் கேட்டவங்கள். அம்மா ஓம் எண்டு சொன்னவ. உள்ளுக்கை படுத்திருக்கிறான் எண்டும் சொன்னவ. போய் எழுப்பியும் விட்டவ."

ஆனாலும் எனக்குக் கோபம் போகவில்லை.

"இது லண்டன் அக்கா."

"லண்டன் எண்டபடியால்தான் போனிலை கேட்டவை. உம்மை விசாரிச்சால் அடுத்தது இந்த வீட்டை விசாரிப்பினம். அதுதான் தம்பியை அனுப்பினனான், படத்தையும் கழட்டினனான்."

"நீங்க வந்து சொன்னாத்தான் எனக்குப் படிப்பு. இல்லைன்னா நான் ஊருக்குப் போக வேண்டியதுதான்."

அவர் எழுந்து போய்விட்டார். எனக்குப் புரிந்தது. ஒரு அலுவலகத்துக்குள் போய் இது என் வீடு என்று சொல்வது அவருக்கு என்ன என்று புரிந்தது. மேலே போய்ப் பெட்டியை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை இறங்கி வந்தால், சேலைக்கு மேல் கோட் போட்டுக்கொண்டு, வீட்டு முகவரி போட்ட கவுன்சில் வரி பில்லைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"நட, பிள்ளை. என்ரை மனம் மாற முதல் போவம்."

ரயிலில் பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அலுவலகத்தில் அந்தப் பெண்ணின் முன்னால் நின்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், போனில் சொன்னது பொய், இவள் என் வீட்டில்தான் இருக்கிறாள் என்றார். அந்தப் பெண் பில்லை நகல் எடுத்துக்கொண்டே, பேச்சுக்காகக் கேட்டார்: வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

அக்கா என்னைப் பார்த்தார். நகல் இயந்திரத்தின் வெளிச்சம் அவர் முகத்தில் ஊர்ந்து போனது. யாரும் இல்லை என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"மை பிரதர்" என்றார்.

அந்தப் பெண் தலையாட்டினார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. பில்லைத் திருப்பிக் கொடுத்து நன்றி சொன்னார். வெளியே வந்ததும் அக்கா நடைபாதைச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றார்.

விளக்கம் போயிற்று. விசா முடிவதற்குச் சற்று முன்னால் அனுமதி வந்தது. என்னைப் பற்றி என்ன தேடினார்கள், என்ன கிடைத்தது, இன்றுவரை எனக்குத் தெரியாது. தம்பி திரும்பி வந்தார், படமும் சுவருக்கு வந்தது. குண்டுப் பகிடி மட்டும் திரும்பி வரவே இல்லை.

இன்றும் யாராவது போனில் ஒரு பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டால், உண்மையைச் சொல்வதற்கு முன் என் நாக்கு ஒரு கணம் தயங்குகிறது. அந்த ஒரு கணத்தில்தான், அக்கா அன்று எனக்காக 'மை பிரதர்' என்ற அந்த இரண்டு வார்த்தைகளையும் எப்படிச் சொன்னாரோ என்று எனக்கு ஒவ்வொரு முறையும் உறைக்கிறது.