அவன் கைக்கு ஒத்துவந்த மென்பொருள்

கேமரா லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை அவனால் திருப்ப முடியாமல் போனபோதுதான் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. புதுப்பட்டினத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டிய கடற்கரையில் இருந்தோம். அவன் ஏசி மெக்கானிக். துருப்பிடித்த நட்டைக்கூட வெறும் விரலால் கழற்றுகிறவன்.

"இன்னா மச்சான், ரிங்கு இவ்ளோ டைட்டா கீது?" என்றான்.

நான் திருப்பிப் பார்த்தேன். லேசாகச் சுழன்றது. அதை அவனிடம் சொல்லவில்லை. "உப்புக் காத்துடா" என்றேன்.

பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். நான் கேளம்பாக்கத்தில் ஐடி வேலைக்குப் போனேன், அவன் ஊரிலேயே தங்கிவிட்டான். நிலவு இல்லாத நாட்களில் இருட்டியதும் அவனோடு போய் நட்சத்திரங்களைப் படமெடுப்பது எங்கள் பழக்கம்.

சில மாதம் கழித்து, தசைகளை இயக்கும் நரம்புகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று சென்னையில் டாக்டர் சொன்னார். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. திரும்பும்போது முட்டுக்காடு பாலத்தில் நெரிசல். பின் சீட்டில் அவன் மனைவி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "இனிமே நான் கேமராவத் தொட்டா ஆடிப்பூடும். லேப்டாப்ல மாட்டி எடுக்கலாம். நல்ல சாஃப்ட்வேரா பாரு" என்றான்.

கேபிள் வழியாக லேப்டாப்போடு இணைத்துவிட்டால் கேமராவைத் தொடவே வேண்டாம். முதலில் கேமரா கம்பெனி கொடுத்ததையே போட்டோம். ஒவ்வொரு படத்துக்கும் திரையில் இருந்த குட்டிப் பொத்தானை மவுஸால் ஒரு முறை அழுத்தித் தொடங்கி, மறுபடி அழுத்தி நிறுத்த வேண்டும். அவன் கையிலிருந்து மவுஸ் நழுவிக்கொண்டே இருந்தது. பாதிப் படங்கள் அளவுக்கு மேல் வெளுத்துப் போயின.

இன்னொன்றை நானே என் ஃபிளாட் மொட்டைமாடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கேமரா மாட்டியிருக்கும் மோட்டார் ஸ்டாண்டைத் தானே திருப்பும், தானே ஃபோகஸ் செய்யும், சொன்ன எண்ணிக்கையில் படங்களைத் தானே எடுத்து முடிக்கும். தெற்கே ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கூட்டம் எழும் பருவம். கடற்கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவனை உட்காரவைத்து ஓடவிட்டேன். படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. இவ்வளவு கூர்மையான படங்களை நாங்கள் அதற்கு முன் எடுத்ததே இல்லை.

"இப்போ நான் இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் வேணாம்டா. அதுவே பாத்துக்கும்."

வீட்டு வாசலில் இறக்கிவிடும்போதுதான் சொன்னான். "வூட்ல அவதான் சோறு ஊட்டுறா, அவதான் சட்ட மாட்டி வுட்றா. அங்கயும் சும்மா குந்திகினு இருக்கணும்னா நான் எதுக்கு மச்சான் வரணும்?"

அடுத்த வாரம் முழுக்க வேறு மென்பொருள் தேடினேன். கடைசியில் கிடைத்தது, யாரோ தன் உபயோகத்துக்கு எழுதி இலவசமாக விட்டிருந்த பழைய ஒன்று. கறுப்புத் திரையில் பெரிய சிவப்பு எழுத்துகள். நட்சத்திரம் எவ்வளவு பரந்து தெரிகிறது என்பதற்கு ஓர் எண். அது குறையக் குறைய ஃபோகஸ் சரியாகும். ஸ்பேஸ் பாரை ஒரு முறை தட்டினால் ஒரு படம். தானாக எதுவும் நடக்காது.

அவனுடைய வலது கட்டைவிரல் அப்போது இன்னும் அசைந்தது. நான் வளையத்தைத் திருப்புவேன், அவன் எண்ணைப் பார்த்துச் சொல்வான். "இன்னும். இன்னும் கொஞ்சம். தாண்டிட்ட, திருப்பு." காற்று அடித்தால் அடங்கும்வரை பொறுப்பான். படகு விளக்கு படத்தின் சட்டத்துக்குள் வந்தால் அது கடந்து போகட்டும் என்பான். பிறகு கட்டைவிரல் மெதுவாக இறங்கும். எடுத்தவை குறைவு, சுமாரானவையும்கூட. ஆனால் வராத நாள் என்று அவனுக்கு ஒன்று இருக்கவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் கட்டைவிரலும் நின்றுவிட்டது. மணலில் சக்கர நாற்காலி போகாது என்பதால் அவன் வீட்டு மொட்டைமாடிக்கு மாறினோம். பேச்சு குழறியது. அவன் "ம்" என்றால் நான் தட்டுவேன். கொஞ்ச நாளில் அந்தச் சத்தமும் போனது. மூச்சுக்கு மெஷின் வைத்த பிறகு மாடிக்குத் தூக்கிப்போகவும் வழியில்லை. மேலே ஓடும் லேப்டாப்பின் திரை கீழே அவன் கட்டிலருகே இன்னொரு லேப்டாப்பில் தெரியும்படியும், அங்கே தட்டினாலே மாடியில் படம் எடுக்கும்படியும் செய்தேன். அவன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவன் கண்ணையே பார்ப்பாள். இமையை அழுத்தி மூடினால், தட்டு என்று அர்த்தம்; அவள் தட்டுவாள்.

கடைசியாக எடுத்த அன்று ஓரியன் நெபுலா என்ற விண்வெளிப் புகைத்திரளில் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே கடல் பக்கமிருந்து மேகம் ஏறிவிட்டது. நான் கீழே இறங்கிவந்து, "மூடிடுச்சுடா. இன்னிக்குப் போதும்" என்றேன்.

அவன் இமையை மூடினான். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஸ்பேஸ் பாரைத் தட்டினாள். திரையில் சாம்பல் நிறம் மட்டும் வந்தது. அவன் மறுபடி மூடினான். அவள் மறுபடி தட்டினாள். நான் கதவோரமாக நின்றிருந்தேன். அவன் அசதியில் தூங்கும்வரை அது நடந்தது.

அடுத்த வாரம் நெஞ்சில் சளி கட்டி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து, மேகத்துக்கு முன் கிடைத்த படங்களை ஒரே படமாகச் சேர்த்து, பிரிண்ட் போட்டு அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தாள்.

"நல்லா கீதுண்ணா. ஆனா இது வேணாம். மேகம் வந்தப்புறம் நாங்க எடுத்தது இருக்குமே, அத்த குடுங்க."

நான் அழிக்காமல்தான் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன். அங்கேயே நின்று ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒன்றில்கூட ஒரு நட்சத்திரம் இல்லை.