பல்லாங்குழிக்கு எத்தனை குழி

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐந்து வயதிலிருந்து பல்லாங்குழி ஆடுகிறேன். அதில் எத்தனை குழி என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

மகளுக்கு நாளை வளைகாப்பு. சீரில் வைக்கப் பல்லாங்குழி வாங்க, சம்பந்தியம்மாவோடு இன்று திருப்பதி போனேன். திரும்பும்போது பஸ்ஸில் சும்மா இருக்காமல் அவரைச் சீண்டினேன்.

"சோழி பாக்க பல்லு மாதிரி கீதுல்ல, அதான் பல்லாங்குழின்னு பேரு. உங்க புத்தூர்ல இதெல்லாம் தெரியாதா சம்பந்தி?"

"யாரு சொன்னது உங்களுக்கு? பதினாலு குழி கீறதால பதினாலாங்குழி. அதுதான் வாயில தேஞ்சு தேஞ்சு பல்லாங்குழி ஆயிடுச்சு."

"பதினாலா? பன்னண்டுதாங்க!"

"பந்தயம் கட்டறீங்களா? தோத்தவங்க நாளைக்கு எல்லார் எதிர்லயும் பாட்டுப் பாடணும்."

நான் பாடினால் எங்கள் வீட்டு நாயே எழுந்து போய்விடும். இருந்தும் சரி என்றேன்.

அது நடுவில் கழற்றி மாட்டும் பலகை. கழற்றி, ஆளுக்கொரு பாதியை மடியில் வைத்துக்கொண்டோம். கண்டக்டரே வந்து தெலுங்கில் சத்தமாக எண்ணினார். "பத்னாலுகு" என்று முடித்தார். தங்கள் வீட்டில் இதற்கு வாமனகுண்டலு என்று பெயர் என்றும் சொன்னார். பஸ்ஸே சிரித்தது.

"தொண்டைய பத்திரமா வெச்சிக்கோங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டு, சம்பந்தியம்மா புத்தூரில் இறங்கிப் போனார்.

நகரியில் இறங்கிப் பையைத் திறந்து பார்த்தேன். அவர் மடியில் இருந்த பாதி அவரோடு போய்விட்டது.

என்னிடம் இப்போது இருப்பது ஏழு குழி. பாதிப் பாட்டு பாடினால் போதுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.