நடுப் பொத்தான்

சொந்தக்காரர்கள் எல்லாரும் அவளை ‘சுவிட்ச்’ என்றுதான் கூப்பிடுவார்கள். காரணமில்லாமல் வந்த பட்டமா என்ன? அறையைவிட்டு வெளியே வரும்போது விளக்கை அணைப்பது நல்ல பழக்கம்தான், யார் இல்லை என்றது? உள்ளே ஆள் இருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அணைக்க வேண்டாமா? பஸ் ஓட்டும் அவள் கணவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு இருட்டில் நின்றுகொண்டு, “அம்மா தாயே, உள்ள ஒரு மனுஷன் இருக்கேன்!” என்று கத்தாத காலை அந்த வீட்டில் அபூர்வம்.

நாற்பது வயதில் அவளுக்குப் படிப்பு ஆசை வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன தெரியும்! ஆசை முதலிலிருந்தே இருந்தது. பட்டப்படிப்பு முடித்து மேற்படிப்புக்கு இடமும் கிடைத்த வாரத்தில்தான் அப்பா படுக்கையில் விழுந்தார். அக்கா அப்போது கைக்குழந்தைக்காரி. “நீ குழந்தையப் பாரு, அப்பாவை நான் பாத்துக்கறேன். படிப்பு எங்க ஓடிப் போகப் போகுது?” என்று இவள் சொன்னாள். ஓடித்தான் போயிற்று. அப்பா போன பிறகு வேலை, கல்யாணம், ஒரு பெண் குழந்தை என்று வருஷங்கள் கைநழுவிப் போயின.

வேலை என்றால், பெரிய பெரிய கட்டடங்களில் மின்சாரப் பராமரிப்பு மேற்பார்வை. அங்கேதான் அவளுக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே ஏசிக் குளிரில் ஆட்கள் ஸ்வெட்டரும் சால்வையுமாக உட்கார்ந்திருப்பார்கள். “இது என்ன கூத்து? ஊரான் வீட்டு மின்சாரம்னா இப்படியா?” என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் பொருமுவாள். பொருமிப் பொருமி ஒரு நாள் அவர், “என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? போய்ப் படிச்சுட்டு வந்து ஊருக்குச் சொல்லு” என்றார். வாய் தவறிச் சொன்னாரோ மனதாரச் சொன்னாரோ, அடுத்த மாதமே இவள் வேலையில் இரண்டு வருஷம் படிப்பு விடுப்பு வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்துவிட்டாள். விடுப்புக்குள் முடிக்காவிட்டால் படிப்பு அவ்வளவுதான். நீட்டிப்பே கிடையாது என்று மேலதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆராய்ச்சி வழிகாட்டி இவளைவிட வயதில் சின்னவள். முதல் நாளே ஒரு போடு போட்டாள்: “கரண்ட்டு குறைஞ்சா மட்டும் ஆராய்ச்சி ஆயிடாதுங்க. அதுக்கு மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போயிடலாமே! கரண்ட்டும் குறையணும், உள்ள இருக்கிற மனுஷங்களும் சுகமா இருக்கணும்.”

சோதனை செய்ய ஒரு கட்டடம் வேண்டும். யார் கொடுப்பார்கள்? அக்கா இருக்கக் கவலை எதற்கு! அக்கா ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் சூப்பிரண்டு. மேனேஜரிடம் பேசி, இரண்டாவது மாடி ஹாலை அப்படியே தங்கைக்கு வாங்கிக் கொடுத்தாள். சுவிட்ச் அங்கே ஏசியை இருபத்திரண்டிலிருந்து இருபத்தாறுக்கு ஏற்றினாள். தூசி படிந்து தொங்கிய மின்விசிறிகளைத் துடைத்து மெதுவாகச் சுற்றவிட்டாள். ஒவ்வொரு மேஜையிலும் மூன்று பொத்தான் வைத்த சின்னப் பெட்டி ஒன்றை ஒட்டினாள். குளிராக இருந்தால் நீலம், புழுக்கமாக இருந்தால் சிவப்பு, சரியாக இருந்தால் நடுவில் இருக்கும் பச்சை. மணிக்கொரு தடவை அமுக்க வேண்டியது. அது பல்கலைக்கழகத்தில் இவளுடைய கணினிக்கு வந்துவிடும்.

வந்தது பாருங்கள், பச்சை! ஹால் முழுக்கப் பச்சை. சுவிட்சுக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தேழுக்கு ஏற்றினாள். பச்சை. இருபத்தெட்டு. அதற்கும் பச்சை. கோடை உச்சத்துக்குப் போக, துணிந்து இருபத்தொன்பதுக்கே ஏற்றிவிட்டாள். ஒரே ஒரு சிவப்பு வந்தது, அதுவும் கை தவறி அமுக்கியது என்று அக்கா உடனே போன் செய்து சொன்னாள். மின்சாரச் செலவு பாதியாக இறங்கிவிட்டது. வழிகாட்டி, “உங்க அக்கா ஆபீஸ்ல இருக்கிறவங்களை எதுல செஞ்சாங்க, இரும்புலயா?” என்று கேட்டாளே தவிர, அவளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டில் கணவர், “இனிமே நம்ம வீட்டு ஃபேனுக்கும் ஆபத்துதான்” என்று மகளிடம் ரகசியமாகச் சொன்னார்.

அப்புறம்தான் குட்டு உடைந்தது. ஒரு மத்தியானம் ஹாலில் மாட்டியிருந்த வெப்பமானி ஒன்று பேட்டரி தீர்ந்து ஊமையாகிவிட்டது. மாற்றிவிட்டு வரலாம் என்று இவள் போன்கூடப் பண்ணாமல் கிளம்பிப் போனாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கேஷியர், நல்ல பெருத்த உடம்புக்காரர், தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு இரண்டு காலையும் பிளாஸ்டிக் வாளித் தண்ணீருக்குள் விட்டிருந்தார். டைப்பிஸ்ட் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டே ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். மூலையில் குடிதண்ணீர் ஃப்ரிட்ஜை விரியத் திறந்துவைத்து அதன் முன்னால் மூன்று பேர் முறை போட்டு நின்றிருந்தார்கள். மேற்கு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த அக்காவின் முகம் அவித்துவைத்தது போல இருந்தது. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. கேஷியர் துண்டை ஒரு கையால் பிழிந்தார், மறு கையால் பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

“முதல்ல அந்த ஃப்ரிட்ஜை மூடுங்க!” என்றுதான் சுவிட்சுக்கு வாயில் வந்தது. பிறவிக் குணம் போகுமா?

ஃப்ரிட்ஜை மூடினார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கேஷியர்தான் பாவம், வாளியிலிருந்து காலை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல், “சூப்பிரண்டம்மாதான் சொன்னாங்கம்மா. தங்கச்சி படிப்பு, எல்லாரும் நடுவுல இருக்கிறதையே அமுக்குங்கன்னு...” என்று இழுத்தார்.

சுவிட்ச் அக்காவைக் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“ஏன்க்கா இப்படிப் பண்ண? என் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுட்டியே! இத்தனை மாசமும் பொய்யி!”

“என்னடி பொய்யி? கொஞ்சம் வேர்த்தா நாங்க என்ன கரைஞ்சா போயிடுவோம்?” என்று அக்கா முதலில் எகிறினாள். பிறகு குரல் இறங்கியது. “என்னாலதானே அன்னிக்கு நீ படிக்கல. நான் குழந்தையைத் தூக்கிட்டு ஹாயா இருந்தேன், நீ அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிட்டு இருந்தே. இந்தத் தடவையாவது ஒண்ணும் குறுக்க வரக்கூடாதுன்னு நினைச்சேன்டி.”

இதற்கு மேல் கோபப்பட எங்கே இடம்? இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்து அழுதார்கள். அழுது முடித்ததும் சுவிட்ச் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். கோடை முடிய இன்னும் சில வாரங்கள்தான். அடுத்த கோடைக்குள் விடுப்பு தீர்ந்துவிடும். பேசாமல், இதுவரை வந்த கணக்கையே ஆய்வேடாக எழுதிக் கொடுத்துவிட்டால் பட்டம் கையில். யாருக்குத் தெரியப் போகிறது?

அன்று வீட்டில் அவள் ஒரு விளக்கையும் அணைக்கவில்லை. கணவர் பயந்தே போனார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “பிரேக் பிடிக்கலைன்னு தெரிஞ்சும் வண்டியை ரோட்டுக்கு எடுப்பேனா நான்?” என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை அவள் வழிகாட்டியிடம் போய் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். வழிகாட்டி முதலில் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு வாளியில் கால் வைத்த கேஷியரை நினைத்து நினைத்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கடைசியில், “மிச்சம் இருக்கிற வெயிலை விடாதீங்க. இனிமே ஏசி எத்தனை டிகிரில இருக்குன்னே அவங்களுக்குத் தெரியக் கூடாது” என்றாள்.

சுவிட்ச் ஏசியின் எண் தெரியும் இடத்தில் கறுப்பு டேப்பை ஒட்டினாள். தினம் ஒரு அளவு வைத்தாள். ஒரு நாள் ஏற்றுவாள், மறுநாள் இறக்குவாள், எதையும் யாரிடமும் மூச்சுவிட மாட்டாள். ஹாலின் நடுவில் நின்று கும்பிட்டுச் சொன்னாள்: “என் மேல பாசம் இருந்தா என்னைத் திட்டுங்க. வெந்தா வெந்துச்சுன்னு சொல்லுங்க. நீங்க சகிச்சுக்கிட்டா எனக்குத்தான் நஷ்டம்.”

முதல் மணி அடித்தது. எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்காவின் விரல் பழக்கத்தில் பச்சைக்குப் போனது. தங்கையைப் பார்த்தாள். பெற்ற பிள்ளையை அடிக்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, சிவப்பை அமுக்கினாள்.

“அப்படிப் போடு!” என்று சுவிட்ச் கைதட்டினாள். அவ்வளவுதான், அணை உடைந்தது. கேஷியர் பல மாத வஞ்சத்தைத் தீர்க்கிற மாதிரி சிவப்பைக் குத்தினார். கணினித் திரை ரத்தக்களரியானது.

ஆனால் இரண்டு வாரத்தில் ஒன்று தெரிந்தது. இருபத்தாறில் வைத்து விசிறியும் ஓடினால் ஹாலில் முக்கால்வாசிப் பேர் மெய்யாகவே பச்சை. சிவப்பு விடாமல் வந்தது மேற்கு ஜன்னல் வரிசையிலிருந்து மட்டும்தான். மத்தியான வெயில் கண்ணாடி வழியாக நேரே அவர்கள் முதுகில் இறங்கியது. முன்னே அந்த வரிசையும் வாயை மூடிக்கொண்டு பச்சையை அமுக்கியதால் அது வெளியே வரவே இல்லை. சுவிட்ச் ஜன்னல்களுக்கு வெளிப்புறம் மூங்கில் தட்டி கட்டினாள். கோடையின் கடைசி வாரத்தில், மூடிய டேப்புக்குப் பின்னால் இருபத்தாறு இருக்க, அக்கா யாரையும் பார்க்காமல் வேலைக்கு நடுவே பச்சையை அமுக்கினாள். கணினியில் அதைப் பார்த்த தங்கை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

மிச்சமானது பாதி மின்சாரம் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு. நடந்தது அத்தனையும், வாளி உட்பட, அவள் ஆய்வேட்டில் எழுதினாள்.

வாய்மொழித் தேர்வை யாரும் வந்து கேட்கலாம் என்பதால் கணவர், மகள், அக்கா, கேஷியர் எல்லாரும் கடைசி பெஞ்சில் அடைந்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்: “முதல் சோதனையில பாதி மிச்சம் காட்டியிருக்கீங்க. அதை நீங்களே அடிச்சுட்டு, இவ்வளவு சின்ன முடிவோட வந்திருக்கீங்களே, ஏன்?”

“அது அந்தக் கட்டடம் மிச்சம் பிடிச்சதில்லைங்க சார். எங்க அக்கா என் மேல வச்ச பாசம். அதைக் கணக்குல எடுத்தா, அக்கா இல்லாத கட்டடத்துல என்ன பண்றது?”

தேர்வாளர் சிரித்துவிட்டார். இன்னும் நாலு கேள்வி கேட்டுவிட்டு எழுந்து வந்து, அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, தேறிவிட்டதாக அங்கேயே சொன்னார். கடைசி பெஞ்சில் கைதட்டல் கிளம்பியது. அக்கா மட்டும் தட்டவில்லை. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, அழறியா?” என்று சுவிட்ச் பக்கத்தில் போய்க் கேட்டாள்.

“நான் எதுக்குடி அழறேன்? ஏசிக் காத்து நேரா கண்ணுல அடிக்குது, அதான்.”

அந்த அறையில் ஏசியே கிடையாது.