லயத்துப் பாதையில் ஓர் ஆதி உயிர்

போன ஞாயிறு ஒரு பாதையை மறித்துவிட்டேன். வேண்டுமென்றே அல்ல... ஆர்வக்கோளாறு!

லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் என் சித்தப்பா மகள் சாந்தி இருக்கிறாள். எட்டு மாதக் கர்ப்பிணி. அவள் இருக்கும் லயத்துக்கு, தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளுக்கு, ஆட்டோ போகாது. உடம்புக்கு முடியாதவர்களைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டுதான் ரோட்டுக்கு இறங்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் அவளையும் அப்படித்தான் இறக்கினார்கள். பிள்ளை தங்கவில்லை. இந்த முறை அப்படி ஆகக் கூடாதென்று லயத்து ஆட்களே கூலியில்லாமல் கூடி, சிரமதானத்தில் பாதை வெட்டுகிறார்கள். ஞாயிறு நானும் கைகொடுக்கப் போயிருந்தேன்.

பாதி வழியில் ஒரு பெரிய கல். உடைக்க ஒருவர் சம்மட்டியை ஓங்கியபோதுதான் பார்த்தேன் — கல்லின் முகத்தில் இலை போல, நரம்பு நரம்பாக ஒரு தடம்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்த வாரம் முழுக்க நான் படித்துக்கொண்டிருந்ததே ஆதி உயிர்களைப் பற்றித்தான். மிருகங்கள் தலையெடுக்கும் முன்பே, ஐம்பது கோடி வருடங்களுக்கும் அப்பால், கடலடியில் கிடந்தவை. வாய் இல்லை. கண் இல்லை. வயிறும் இல்லை! செடியா, பிராணியா? பலவற்றுக்கு இன்னும் முடிவான பதில் கிடையாது. ஒன்றையொன்று துரத்தாமல், தின்னாமல், மங்கிய வெளிச்சத்தில் தண்ணீரோடு தண்ணீராக அசைந்தபடி... யாரும் யாருக்கும் பயப்படாத ஒரு கடல். நினைத்தாலே மனம் மிதக்கிறது இல்லையா?

உடைக்க வேண்டாம் என்று தடுத்தேன். இது ஆதி உயிர், உலகத்துக்கே மூத்தது என்றெல்லாம் அளந்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அந்தக் கடலுக்குள்ளேயே நின்றேன்.

கரையேற இரண்டு நாள் ஆனது. பண்டாரவளையில் புவியியல் படிப்பிக்கும் நண்பர் நஸீருக்குப் படம் அனுப்பினேன். சிரித்தார். அது உயிரே அல்லவாம் — கல் வெடிப்பில் ஊறிய தண்ணீர் விட்டுப்போன மாங்கனீஸ் கறையாம். அந்த உயிர்கள் கடலில் கிடந்த காலத்தில் நம் மலைப் பாறைகள் பூமிக்கடியில் வெந்துகொண்டிருந்தனவாம். எந்த உயிரின் தடமும் அதில் தங்க வழியில்லையாம்.

அடித்துப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். அதற்குள் கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சூடமும் ஏற்றியாகிவிட்டது! தோட்டத்தில் சூடம் ஏற்றிய கல்லில் யார் சம்மட்டி வைப்பார்? தொட்டு நகர்த்தவும் பயம். பாதை அங்கேயே நின்றிருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொன்னேன். வெறும் கறைதான், நான் சொன்னது தப்பு, உடையுங்கள் என்று. யாரும் அசையவில்லை. சாந்திக்கு நாள் நெருங்குகிறதே என்று கெஞ்சியும் பார்த்தேன்.

"கும்பிட்டாச்சுண்ணே. இனி ஒடைக்க முடியாது" என்றாள் சாந்தி. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிறகு இடுப்பைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்து, சூடம் கொளுத்தி, கல்லின் முன்னால் நின்றாள்.

"சாமி, கொஞ்சம் தள்ளி ஒக்காரு. புள்ளையத் தூக்கிக்கிட்டு நான் இந்த வழியாத்தான் வரணும்."

அவ்வளவுதான். இரும்பு அலவாங்குகளைக் கொண்டுவந்து நெம்பத் தொடங்கிவிட்டார்கள். ஒன்றை நானும் பிடித்தேன்.

அந்தக் கல் இவ்வளவு கனக்கும் என்று நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இல்லை!