பவுடர் பூசின நோயாளி, எங்கட மஜீத் காக்கா

மஜீத் காக்கா மவுத்தாகிட்டார்.

காலையில வார்ட்டில நிக்கக்குள்ள, ஆள் போயிட்டார் என்டு மெசேஜ் வந்திச்சு. ரெண்டு தரம் வாசிச்சன்…

தெரியாதவங்களுக்குச் சொல்றன். மட்டக்களப்புப் பக்கம் நான் முந்தி நர்ஸா வேலை செஞ்ச ஆஸ்பத்திரியில அவர் ஆம்புலன்ஸ் ட்ரைவர். ஏறாவூரார். எங்கட பக்கத்து முஸ்லிம் ஆக்கள் அண்ணன காக்கா என்டுதான் கூப்பிடுவாங்க. அவர் பெரிய டொக்டருக்கும் காக்காதான்.

சண்டை முடிஞ்சு ரோட்டெல்லாம் திறந்த காலம். கொழும்பில இருந்து ஒரு ட்ரெய்னிங் வந்திச்சு. கதிர்வீச்சு விபத்து நடந்தா ஆஸ்பத்திரி ஆக்கள் என்ன செய்யோணும் என்டு… பாதி ஒன்லைன்ல, பாதி நேர்ல.

முதல் கூட்டத்திலயே ஒரு டொக்டர் கேட்டார், இஞ்ச மீனும் நெல்லும்தானே இரிக்கு, கதிர்வீச்சு எங்கால வரும் என்டு. எல்லாரும் சிரிச்சிட்டம்.

பின் வரிசையில இருந்து காக்கா சொன்னார். "கடல் வருமென்டும் ஆரும் சொல்லல்ல டொக்டர்."

சுனாமி அன்டைக்கு ஆம்புலன்ஸ் ஓட்டினவர் அவர். ட்ரைவர்மாருக்குக் கட்டாயமில்லாத கோர்ஸ்ல அவரும் பேர் கொடுத்தார்.

ஒன்லைன் பாடத்துக்கு எங்களிட்ட இருந்தது ஒரேயொரு இன்டர்நெட் டொங்கிள். காக்கா அதைக் கையில பிடிச்சுக்கொண்டு ஆஸ்பத்திரி முழுக்கச் சுத்தி, கடைசியில சிக்னல் வாற இடத்தக் கண்டுபிடிச்சார். பிரேத அறைச் சுவரோரம்.

ஒவ்வொரு பின்னேரமும் அங்க மர வாங்கு போட்டு, லெப்டொப்பைச் சுத்திக் குந்தியிருப்பம். வீடியோ ஓடாது. சின்ன வட்டம் மட்டும் சுத்தும். எல்லார்ட முகமும் தொங்கிப் போய் இரிக்கும்.

ஒரு நாள் கரடியனாற்றில இருந்து ஆரையோ பார்க்க வந்த ஐயா ஒருத்தர் எங்களக் கண்டு நிண்டார். கிட்ட வந்து காக்காட கையப் பிடிச்சு, "தவறினது ஆர் தம்பி?" என்டு கேட்டார்.

காக்கா ஸ்க்ரீன விட்டுக் கண்ண எடுக்கல்ல. "கனெக்‌ஷன்" என்டார்.

நேர்ப் பயிற்சி நாள்… வெள்ளை உடுப்பு, மாஸ்க், கதிர்வீச்சு அளக்கிற மீற்றர் எல்லாம் வந்து இறங்கிச்சு. கதிரியக்கத் தூசு பட்டு மயங்கின நோயாளியா நடிக்க ஓராள் வேணும் என்டாங்க. காக்கா கையத் தூக்கிட்டார். தூசுக்குப் பதிலா பேபி பவுடர்.

மயங்கின ஆள் கதைக்கப்படாது என்டு எத்தனை தரம் சொன்னம்! கண்ண மூடிக்கொண்டு தண்ணி கேட்டார். ட்ரொலி தள்ளினவருக்கு ரிவர்ஸ் சொன்னார். தன்ட ஆடுகள ஆராருக்குக் கொடுக்கோணும் என்டும் சொல்லி முடிச்சார்.

சாரத்தக் கழட்ட மட்டும் விடல்ல. உடுப்பக் கழட்டினாலே தூசில பெரும்பங்கு போயிடும், பாடத்தில படிச்சதுதானே காக்கா என்டு கெஞ்சினம். "அது ஒன்லைன்ல. இஞ்ச சனம் நிக்குது" என்டார்.

கொஞ்சத்தால நெஞ்சு நோகுது என்டார். மெல்லமா.

நாங்க சிரிச்சம். கொழும்பில இருந்து பயிற்சி தர வந்தவர் வெரி குட் என்டார். மீற்றர் பிடிச்சவர் காலில இருந்து தலை வரைக்கும் அளந்துகொண்டே இருந்தார்.

எங்கட பொறுப்புத் தாதி ரோஸ்மேரி சிஸ்டர்தான் மாஸ்கைக் கழட்டிப்போட்டுக் கிட்டப் போனா. "மஜீத் சத்தம் போடாமக் கிடக்கிறார். இது நடிப்பில்ல."

ட்ரொலியப் பறிச்சுக்கொண்டு அவ ஓட, பின்னால நாங்க அந்த வெள்ளை உடுப்போடயே ஓடினம். முதல்ல உயிர், மறுகாதான் கதிர்வீச்சு… கோர்ஸ்ட முதல் பாடமே அதுதான். க்விஸ்ல எல்லாரும் சரியாத்தான் போட்டிருந்தம்.

ஈசிஜி எடுத்தா, ஹார்ட் அட்டாக். உடனே ஊசி போட்டம். தப்பிட்டார்.

அவர்ட மனுசி ஓடி வந்தா. கட்டிலச் சுத்தி வெள்ளை உடுப்புக்காரர் நிக்கிறதக் கண்டு அழத் தொடங்கிட்டா. ஆள் பிழைச்சிட்டார் என்டு சொல்லி நம்பவைக்கிறதுக்குள்ள பெரும்பாடு. மறுகா கிட்டப் போய் உத்துப் பார்த்து, முகமெல்லாம் ஏன் பவுடர் என்டு கேட்டா.

காக்கா ஒரு கண்ணத் திறந்தார். "போட்டோ எடுக்கிற என்டாங்க…"

எல்லாருக்கும் சேர்ட்டிபிகேட் வந்திச்சு. அவர்ட சேர்ட்டிபிகேட்டில 'பங்குபற்றினார்' என்டு மட்டும் போட்டிருந்தாங்க. அவருக்குச் சரியான கோவம். "நீங்கெல்லாம் நடிச்ச. நான் ஓராள்தான் உண்மையாச் செஞ்ச" என்டு கன்டீன்ல வாற போற ஆக்களுக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சார்.

அதுக்குப் பிறகும் கன வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டினார். பென்சன் எடுத்தார். பேரப்பிள்ளைகளக் கண்டார்.

ஜனாஸா அடக்கம் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகாம். நான் ஏறாவூர் போற பஸ்ஸில… இப்பதான் ஓட்டமாவடி தாண்டுது.

ஒள்ளுப்பம் பொறுங்க காக்கா. வாறன்.