அம்சாவுக்கு அறிவியல் மட்டும் பாக்கி

திருத்தணிக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் நடுவில் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் அம்சா சத்துணவுச் சமையல்காரி. வயது நாற்பத்தாறு. கல்யாணமாகி வந்த சில வருஷத்திலிருந்து தினமும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தும் பத்தாம் வகுப்பு பாஸாகாதவள் என்ற பெருமை அந்த ஊரில் அவளுக்கு மட்டும்தான் உண்டு.

எல்லாப் பாடத்திலும் அல்ல. சின்ன வயதில் அறிவியலில் கோட்டை விட்டாள். அதே வருஷம் கல்யாணமும் செய்துவைத்துவிட்டார்கள். இரண்டில் அறிவியலை மட்டும்தான் மறுபடி எழுத முடியும் என்பதை அப்போது யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

இப்போது எழுதவேண்டிய அவசியம் வந்தது. சத்துணவு அமைப்பாளர் ரஞ்சிதம் மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறாள். அந்த வேலைக்குச் சமையல்காரி உயரலாம். ஆனால் பத்தாம் வகுப்பு பாஸாகியிருக்கவேண்டும். நியாயம்தான். முந்நூறு பிள்ளைக்குச் சாம்பார் வைக்க எந்தப் பரீட்சையும் வேண்டாம். அந்தச் சாம்பாரைப் பற்றி மேலிடத்துக்கு எழுதவேண்டுமென்றால் படிப்பு வேண்டாமா?

அம்சா பாஸாகாவிட்டால் வெளியாள் வருவார். அந்த வெளியாள் யாரென்றும் ஊருக்குத் தெரியும். ரஞ்சிதத்தின் அண்ணன் மகள் மோகனப்ரியா. வெங்காயம் உரிக்கும் வாசனைக்கே அந்தப் பெண்ணுக்குத் தலைவலி வந்துவிடும் என்று ரஞ்சிதமே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். முட்டை எத்தனை, பருப்பு எவ்வளவு என்று ரஞ்சிதத்துக்காக இத்தனை காலமாகக் கணக்குப் பார்த்துக் கொடுத்தவள் அம்சா. நாளைக்கு மோகனப்ரியாவுக்கும் பார்த்துக் கொடுத்து, "ஏம்மா உப்பு கம்மி?" என்று அந்தப் பெண் கேட்டால் பதிலும் சொல்லவேண்டும்.

பாடத்திட்டம் மாறிப் பழைய மார்க்கு செல்லாமல் போனதால், போன வருஷமே மற்ற பாடங்களைத் தனித்தேர்வராகத் திரும்ப எழுதி முடித்துவிட்டாள். அறிவியலுக்குச் செய்முறை வகுப்பு போகவேண்டும் என்பதால் அது மட்டும் தள்ளிப்போயிற்று. இந்த மார்ச்சை விட்டால் அவ்வளவுதான்.

சொல்லிக் கொடுக்க வீட்டிலேயே ஆள் இருந்தது. மகன் சக்திவேலுக்குக் கட்டிவைத்த யுவஸ்ரீ, பி.எஸ்ஸி. வேதியியல். சக்திவேல் ஒரகடத்தில் கம்பெனி வேலை, ஷிப்டு முடிந்து வந்தால் தூங்குவான். ஆக, மாலை நேரத்தில் யுவஸ்ரீ நாற்காலியில், அம்சா தரையில். மாமியாரைத் திட்டுவதற்கு அரசாங்கமே பாடத்திட்டம் போட்டுக் கொடுத்த மருமகள் தமிழ்நாட்டில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"அடிப்படையே இல்லாம பத்தாவது புரியாது அத்தை. ஒம்பதாவதுலேர்ந்து வாங்க" என்றாள் யுவஸ்ரீ.

"பத்தாவதே தாங்கல. இன்னும் ஒண்ணு கீழயா?"

"கேளுங்க. விசை கொடுத்து, பொருள் நகர்ந்தாத்தான் வேலை. நகரலன்னா வேலை சுழி."

அம்சா யோசித்தாள். "சோத்துக் குண்டான வடிக்கிறதுக்குப் புடிச்சிகினு நிக்கிறேனே, இடுப்பு ஒடியுதே, அது?"

"குண்டான் நகரலையே அத்தை. சுழி."

அம்சாவின் கணவர் கண்ணையன் அதுவரை கட்டிலில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். கரும்பு போட்டிருக்கும் விவசாயி. கரும்பு தானாக வளரும் பயிர் என்பது அவர் கொள்கை. அந்தக் காலத்துப் பத்தாங்கிளாஸ் பாஸ். அந்த ஒரு பாஸை வைத்தே இத்தனை வருஷம் குடும்பத்தில் அதிகாரம் செய்தவர். எழுந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா! நாள் பூரா வேல செய்றேன் வேல செய்றேன்னு கத்திகினு இருப்ப. புக்குலயே போட்டுருக்கான், சுழின்னு. நான் சொன்னா கேட்டியா?"

அம்சா அடுத்த பக்கத்தைப் புரட்டி, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே போய், நிறுத்தினாள்.

"தே யுவா, ஒரு கணக்கு. ஒரு ஆளு காலைல வீட்லேர்ந்து கெளம்பி திருத்தணி போறான். டீ குடிக்கிறான். எவன் வண்டிலயோ தொத்திகினு பள்ளிப்பட்டு போறான். அங்கயும் டீ குடிக்கிறான். பொழுது சாய வீட்டுக்கே வந்து நிக்கிறான். இடப்பெயர்ச்சி எவ்ளோ?"

"கெளம்பின எடத்துக்கே வந்துட்டாரா? அப்ப சுழி அத்தை."

"ஆங். அதான் ஒங்க மாமா."

கண்ணையன் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். ஓய்வில் உள்ள பொருள், வெளிவிசை ஒன்று செயல்படும் வரை ஓய்விலேயே இருக்கும் என்ற விதியை அம்சா அதன் பிறகு மறந்ததே இல்லை. மனப்பாடம் செய்யவேண்டிய தேவையே வரவில்லை. கட்டிலைத் திரும்பிப் பார்த்தால் போதும்.

வேதியியல்தான் தகராறு. கண்ணுக்குத் தெரிந்தால் ஒத்துக்கொள்வாள். எலக்ட்ரான் என்றால் முகத்தைச் சுளிப்பாள். சில உப்பு தண்ணீரில் கரையும்போது சூட்டை வெளியே விடும், அது வெப்ப உமிழ் வினை. சில உப்பு சூட்டை உள்ளே வாங்கும், அது வெப்பக் கொள் வினை. யுவஸ்ரீ பார்த்தாள், சொன்னால் ஏறாது, காட்டினால் ஏறும். கரும்புக்கு வைத்திருந்த யூரியாவில் ஒரு பிடி எடுத்துவந்து சில்வர் தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினாள்.

"யூரியா என்ன வெல விக்குது தெரியுமா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

"தொட்டுப் பாருங்க அத்தை. சில்லுனு இருக்குதா?"

அம்சா தம்ளரைப் பிடித்துப் பார்த்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆங். சில்லுனு கீது."

"அவ்ளோதான். வெப்பக் கொள் வினை. இதுக்குப் போயி இப்டி பயந்துக்கறீங்க."

சனிக்கிழமைகளில் திருத்தணியில் ஒரு பள்ளியில் செய்முறை வகுப்பு. கிருத்திகை வந்துவிட்டால் காவடிக் கூட்டத்தில் பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். அம்சா மொட்டைத் தலைகளுக்கு நடுவில் புத்தகப் பையோடு நடப்பாள். வகுப்பில் அவள் வயதுக்கு யாரும் இல்லை. முதல் நாள் அவளைப் பார்த்து எல்லாரும் எழுந்து நின்றார்கள். தனித்தேர்வர் என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே 'ஏ' பாட்டில் உப்பு எப்போதும் சுடும், 'பி' பாட்டில் உப்பு எப்போதும் குளிரும். அம்சா அதையே வேதம்போலப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு எப்டி?" என்று யுவஸ்ரீ கேட்டால், "ஏ சூடு, பி சில்லு" என்பாள். யுவஸ்ரீக்கும் திருப்தி.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சூர்யநாராயணன். மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறையாக நைவேத்தியம் சமைக்கிற குடும்பம் அவருடையது. அண்ணன்மார்களெல்லாம் மேலே அடுப்படியில்; இவர் ஒருவர் மட்டும் கரண்டியைத் தொடாமல் எம்.எஸ்ஸி. முடித்து, வேறொரு பள்ளியில் ஆசிரியரானவர். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா. சிரிப்பதற்கு அரசாணை வரவில்லை போலிருந்தது.

இயற்பியல் எளிதாகப் போயிற்று. மீட்டர் அளவுகோலை நடுவில் நூல்கட்டித் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் எடை மாட்டி, சாயாமல் நிறுத்தவேண்டும். மாமியாரையும் கணவனையும் ஒரே வீட்டில் இருபது வருஷம் சாயாமல் நிறுத்தியவளுக்கு அளவுகோல் ஒரு பெரிய விஷயமா? யாரை எவ்வளவு தூரத்தில் வைக்கவேண்டும் என்பதுதான் சூத்திரம்.

அடுத்து வேதியியல். மேசையில் இரண்டு பாட்டில். 'ஏ'யும் இல்லை, 'பி'யும் இல்லை. ஒன்று, இரண்டு என்று ஒட்டியிருந்தது.

அம்சா வெப்பமானி கேட்டாள். இருந்த ஒன்றையும் முந்தைய குழு உடைத்துவிட்டிருந்தது. "முகவையை வெளிய தொட்டுப் பாத்து எழுதுங்கம்மா. அது போதும்" என்றார் உள்ளூர் ஆசிரியர்.

முதல் உப்பைக் கண்ணாடி முகவையிலிருந்த தண்ணீரில் போட்டுக் கண்ணாடிக் குச்சியால் கலக்கினாள். தொட்டாள். ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதைக் கலக்கித் தொட்டாள். அதுவும் அப்படியே. இரண்டும் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. தெரியாததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். வீட்டில் யூரியா தம்ளரைத் தொட்டபோதும் ஒன்றும் தெரியவில்லை. வகுப்பிலும் தெரியவில்லை. கொதிக்கிற குண்டானைத் துணியில்லாமல் இறக்கி இறக்கிக் காய்த்துப்போன விரல்கள். கொதி வந்தால்தான் அவற்றுக்குச் செய்தி போய்ச் சேரும். இத்தனை நாள் பாட்டில் பெயரை வைத்துச் சமாளித்தாள். இப்போது பெயர் இல்லை.

காகிதம் வெறுமையாக இருந்தது. சூர்யநாராயணன் வந்து நின்றார்.

"ஏம்மா எழுதலை?"

"ஒண்ணும் தெரியல சார்."

"படிக்கலையா?"

"படிச்சிட்டேன் சார். கைக்குத் தெரியல. சூடும் இல்ல, சில்லும் இல்ல."

"அதெப்படி இல்லாம போகும்?" என்று சூர்யநாராயணன் முதல் முகவையை எடுத்தார். எடுத்த வேகத்தில், "ஸ்ஸ்" என்று வைத்தார். மடப்பள்ளிக் குடும்பத்தில் பிறந்தும் பேனா பிடித்தே வளர்ந்த விரல்கள். நெய் மாதிரி இருந்தன.

அம்சா குனிந்து 'வெப்ப உமிழ் வினை' என்று எழுதப்போனாள்.

"நிறுத்துங்க. அது நான் தொட்டுப் பாத்தது. உங்க பேப்பர்ல நீங்க பாத்ததுதான் வரணும்." இரண்டாவது முகவையைத் தொட்டுவிடப் போகிறோமோ என்ற பயத்தில் அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு அவள் விரல்களைப் பார்த்தார்.

"என்ன வேலை பண்றீங்க?"

"சத்துணவுல சமையல் சார்."

"எங்க அண்ணனுக்கும் இப்படித்தான். வடை எண்ணெயில விரலை விட்டுப் பாத்து, காயலைம்பான்." முகத்தில் சிரிப்பு வரவில்லை. ஆனால் பேனாவை மூடினார். "கைதான் செத்துப்போச்சு. உடம்புல வேற எடமே இல்லையா?"

அம்சா அவரை ஒருமாதிரி பார்த்தாள். பக்கத்து மேசையில் யாரோ கிளுக்கென்றார்கள். சூர்யநாராயணன் காது சிவக்க, "அதாவது... கைக்குழந்தைக்குத் தண்ணி வெளாவினா எப்படிப் பாப்பீங்க?" என்று அவசரமாகக் கேட்டார்.

அம்சா ரவிக்கைக் கையை மேலே தள்ளி, முழங்கை மடிப்பில் முதல் முகவையை ஒற்றினாள். நன்றாகவே சுட்டது. இரண்டாவதை ஒற்றினாள். மயிர்க்கூச்செறிந்தது.

"ஐய, இன்னா சில்லு!" என்றாள் சத்தமாக.

"மெதுவாம்மா. மத்தவா எழுதிண்டிருக்கா."

இரண்டு வரியையும் எழுதி நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்து, ஒரு கேள்வி கேட்டார்: "வெப்பக் கொள் வினைன்னா, அந்த வெப்பம் எங்கேருந்து வருது?"

"தண்ணிகிட்டேர்ந்து புடுங்கிக்கும் சார். அதுவும் பத்தலன்னா கிண்ணத்துகிட்ட, அப்பறம் நம்ம கைகிட்ட. பக்கத்துல எவன் கீறானோ அவன்கிட்ட."

புத்தகத்தில் இப்படி இல்லை. ஆனால் தப்பும் இல்லை என்பதால் அவர் சிவப்புப் பேனாவைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் யுவஸ்ரீ பிடித்துக்கொண்டாள். "அப்ப யூரியா போட்டன்னிக்கு சில்லுனு கீதுன்னு சொன்னீங்களே?"

"நீ கேட்ட தோரணைக்கு, இல்லன்னு சொல்ல முடியுமா?"

"என்னைப் பாத்து பயந்தீங்களா?" யுவஸ்ரீக்கு ஆச்சரியம். கொஞ்சம் சந்தோஷமும்தான், அதை மறைக்க அடுப்படிக்குப் போய்விட்டாள். மாமியாருக்குப் பயந்த மருமகள்களைப் பற்றி ஊரில் ஆயிரம் கதை உண்டு. அம்சா தன் பங்குக்கு ஒன்றைத் திருப்பிப்போட்டுவிட்டு, கால் நீட்டி உட்கார்ந்து காபி கேட்டாள்.

எழுத்துத் தேர்வு வந்து போயிற்று. மே மாதத்தில் முடிவு வந்தபோது சக்திவேல் ஷிப்டில் இருந்தான்; அங்கிருந்தே போனில் பார்த்துச் சொன்னான்: "மா, பாஸு."

"செரியாப் பாத்தியாடா? என் நம்பர்தானா?"

"ஒன்னுதுதாம்மா. மேனேஜர் பாக்கறான், வெக்கிறேன்."

சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் செய்தி போய்விட்டது. "எங்க வூட்ல எல்லாருமே பத்தாவது பாஸு" என்று கண்ணையன் சொல்லிக்கொண்டிருந்ததாகத் தகவல். தன் தலைமையில்தான் அது நடந்தது என்பதுபோலச் சொன்னாராம்.

மனு போட்டு அலைந்ததில் ஆணையும் வந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்த காலை, ரஞ்சிதம் பொறுப்பை ஒப்படைக்க வந்தாள். கூடவே மொபெட்டில் மோகனப்ரியா. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் காட்டி, சாவிக்கொத்தை அம்சாவின் கையில் வைத்தாள்.

"நல்லபடியா பாத்துக்கோ அம்சா. இது ஒண்ணும் சமையல் மாதிரி லேசான வேல இல்ல."

"நீ செஞ்சத பாத்துகினுதானக்கா இருந்தேன்" என்றாள் அம்சா.

ரஞ்சிதம் அறையில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வெளியே கொண்டுபோனாள். "இது என் சொந்தக் காசுல வாங்கினது. கவர்மெண்டுது இல்ல." மோகனப்ரியா வண்டியை ஓட்ட, ரஞ்சிதம் பின்னால் உட்கார்ந்து நாற்காலியை மடியில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். கேட்டைத் தாண்டும்போது நாற்காலிக் கால் இடித்தது. கொஞ்சம் சாய்த்துப் பிடித்து ஒருவழியாகக் கடந்தார்கள்.

அம்சா அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து அமைப்பாளராக முதல் கையெழுத்தைப் போட்டாள். எழுந்தபோது புடவையின் பின்பக்கம் முழுக்கத் தவிடு. தட்டிவிட்டுக்கொண்டு அடுப்பு மூட்டப் போனாள். புதுச் சமையல்காரியை இன்னும் போடவில்லை.