தசமம் தொட்ட ஒரு வரி

பாயா ரும்புட் பக்கம் ஒரு சிறிய தொழிற்சாலையில், தகடு வெட்டும் இயந்திரங்களுக்கு நான்தான் கட்டுப்பாட்டு நிரல் எழுதினேன். கணினிக்குள் இரண்டு இழைகள், அதாவது இரண்டு தனித்தனி வேலைகள், ஒரே நேரத்தில் ஓடும். மெதுவான இழை, வெட்டுமுனை எங்கே நிற்க வேண்டும் என்று தசம எண்களில் கணக்கிடும். வேகமான இழை அதை ஓயாமல் இடைமறித்து மோட்டாரை நகர்த்தும் மின்துடிப்புகளை அனுப்பும். வேகமானது முழு எண்களை மட்டுமே தொடலாம். தசமத்தைத் தொட்டால், மற்றது பாதியில் விட்ட கணக்கு கெட்டுவிடும். இந்த விதியைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான். ஆனாலும் ஓர் அவசரத்தில் வேகமான இழைக்குள் ஒரு தசமப் பெருக்கலைச் சேர்த்தேன். மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு ஒரு காலை, இயந்திரத்தை நிறுத்திவைத்து, கதவைத் திறந்து, தகட்டை மாற்றிக்கொண்டிருந்த பெண்ணின் கைமேல் வெட்டுமுனை நகர்ந்தது. இரண்டு விரல்கள் போயின.

விசாரணை செய்த மேலாளர் வெளிநாட்டுக்காரர். அவளுக்கு ஆங்கிலம் வராது. என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"நான் எதையும் அமுக்கலண்ணே. அது தானா ஓடுச்சு."

ஆட்டோவில் ஓடியது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் தொழிற்சாலையில் ஆட்டோ என்பது ஒரு பொத்தான். கதவு திறந்திருக்கும்போது அதை அழுத்துவது பெரிய குற்றம். மேலாளர் எழுதிக்கொண்டார். வாய்தவறித்தான் வந்தது. ஆனால் திருத்த நேரம் இருந்தது. என் பெருக்கல் வரியும் அப்போதே நினைவுக்கு வந்துவிட்டது. திருத்தவில்லை. அவளை வேலையிலிருந்து நீக்கிக் கடிதம் கொடுத்தார்கள். அன்று மாலையே அந்த வரியை அழித்தேன்.

ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. போன மாதம்தான் புக்கிட் காத்திலில் அவள் வீட்டைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தசமம், இழை எதையும் அவள் கேட்டுக்கொள்ளவில்லை. ஆட்டோ என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னாள்.

"லெட்டர்ல ஆட்டோன்னு போட்டிருந்துச்சு. அது எங்கேருந்து வந்துச்சுன்னு இத்தன வருஷமா தெரியலண்ணே."

அவள் கணவரும் அந்தக் கடிதத்தைத்தான் நம்பினாராம். சாகும்வரை அவளை ஆட்டோக்காரி என்றே கூப்பிட்டாராம். சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். நான் கிளம்ப எழுந்தேன்.

"உக்காருங்க. மக அஞ்சு மணிக்கு ஆபிஸ் விட்டு வந்துருவா. அவகிட்டயாச்சும் உங்க வாயால சொல்லிட்டுப் போங்க."

உட்கார்ந்தேன்.